பேப்பரில் ஏ கிளாஸ், மாட்ச்சில் 14ஆம் இடம்

கேள்வி: டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கிறேன். வயது 36. கிரீன் கார்டு வந்த பிறகுதான் துப்பாக்கி வாங்கினேன். யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பின் துப்பாக்கி சுடும் மாட்ச்களில், சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி வைத்த பிஸ்டலுக்கான கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் சுடுகிறேன். இரவில் கராஜில் விடாமல் டிரை ஃபயர் (குண்டில்லாமல் சுட்டுப் பழகுவது) செய்து, ஒன்றரை வருடத்தில் ஏ கிளாஸுக்கு வந்துவிட்டேன். சராசரி 77 சதவீதம். ஆனால் போன மாதம் உள்ளூர் மாட்ச்சில் 64 சதவீதத்தோடு 14ஆம் இடம். என் ஸ்குவாடில் இருந்த பி கிளாஸ் பெரியவர் ஒருவர் 73 சதவீதம். 58 வயது, உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் டிராவிலேயே என்னைவிட அரை நொடி தாமதம். "பேப்பர் ஏ" என்று யாரோ என் காதுபடவே சொல்லிச் சிரித்தார்கள். இந்தக் கிளாஸ் விஷயமே ஏமாற்று வேலையா? இல்லை, அந்தப் பெரியவர் கிளாஸை நிர்ணயிக்கும் கிளாசிஃபையரில் வேண்டுமென்றே சொதப்பிவிட்டு பி-யிலேயே உட்கார்ந்திருக்கிறாரா? அக்டோபரில் எங்கள் பகுதிக் கிளப்புகளுக்கான செக்‌ஷன் மாட்ச் வருகிறது. என்னை பி-க்கு இறக்கச் சொல்லிக் கேட்கலாமா, அல்லது அதற்குள் இன்னும் உழைத்து மாஸ்டர் வாங்கிவிட்டுப் போகலாமா? மாட்ச் முடிவையும் ஒரு வீடியோவையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள பிளேனோ வாசகருக்கு,

இரண்டும் வேண்டாம். ஏ ஆகவே போங்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம்.

மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல் எந்த ஊரில் நடந்தாலும் 10 மீட்டர்தான், அதே இலக்குதான். போட்டியில் என்ன கேட்கப் போகிறார்கள் என்பது வருடம் முழுக்கத் தெரியும். பிராக்டிகல் ஷூட்டிங் வேறு ஜாதி. 1976இல் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து கொலம்பியாவில் கூடியவர்கள் ஐபிஎஸ்சி அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். அதன் அமெரிக்கக் கிளைதான் யுஎஸ்பிஎஸ்ஏ. இங்கே ஒவ்வொரு மாட்ச்சுக்கும் ஸ்டேஜ்கள் புதிது. மரச்சட்டத் தடுப்புகள், ஜன்னல்கள், பீப்பாய்களுக்குப் பின்னால் அட்டை இலக்குகள், சாய்ந்து விழும் இரும்புத் தட்டுகள். பீப் சத்தம் கேட்டதும் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, ஓடி, நின்று, எட்டிப் பார்த்து, எந்த வரிசையில் வேண்டுமானாலும் சுட்டு முடிக்கலாம். எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அந்த ஸ்டேஜில் யாருடைய ஹிட் ஃபேக்டர் அதிகமோ அவருக்கு ஸ்டேஜின் முழுப் புள்ளி. மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதம்.

மாட்ச்சுக்கு மாட்ச், ஊருக்கு ஊர் ஸ்டேஜ் மாறினால் ஒருவருடைய திறமையை எதை வைத்து எடை போடுவது? அதற்குத்தான் கிளாசிஃபையர். தலைமை அலுவலகம் வரைந்து, எண் போட்டு வைத்திருக்கும் சிறு ஸ்டேஜ்கள் அவை. ஃப்ளோரிடா கிளப்பும் அலாஸ்கா கிளப்பும் அளவு நாடா பிடித்து ஒரே மாதிரி அமைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு பிரிவுக்கும், இதுதான் 100 சதவீதம் என்று ஓர் ஹிட் ஃபேக்டரை நிர்ணயித்திருக்கிறார்கள். உங்களுடையது அதில் எத்தனை சதவீதமோ அதுதான் மார்க். சமீபத்திய எட்டில் சிறந்த ஆறின் சராசரி 95ஐத் தொட்டால் கிராண்ட்மாஸ்டர், 85 முதல் மாஸ்டர், 75 முதல் ஏ, 60 முதல் பி, 40 முதல் சி, அதற்குக் கீழே டி.

எங்கு வேண்டுமானாலும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனையில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. எல்லாக் கிளப்பிலும் அகலமான திடல் இருக்காது. ஓரிடத்தில் சேறு, ஓரிடத்தில் சரளை. ஓட்டத்தைச் சேர்த்தால் காலுக்கடியில் இருக்கும் மண்ணே மார்க்கை மாற்றிவிடும். ஆகவே கிளாசிஃபையரில் பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள் நின்றுகொண்டு டிரா, இரண்டிரண்டு குண்டு, ரீலோட், மறுபடி இரண்டிரண்டு. ஜெஃப் கூப்பர் உருவாக்கிய எல் பிரெசிடெண்டே இதற்குப் பெயர்போன உதாரணம். 10 கஜத்தில் மூன்று இலக்குகள். அவற்றுக்கு முதுகு காட்டி, கைகளை உயர்த்தி நின்று, பீப் கேட்டதும் திரும்பி ஆறு குண்டு, ரீலோட், மீண்டும் ஆறு. பன்னிரண்டு குண்டு, 60 புள்ளி. கையில் பழக்கம் இருப்பவருக்கு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.

நடுத்தர, நீள ஸ்டேஜ்களுக்கான விதி இதற்கு நேர்மாறு. எந்த ஓர் இடத்திலிருந்தும் எட்டுக் குண்டுக்கு மேல் சுட்டே ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது. எல்லா இலக்கையும் ஓரிடத்திலிருந்தே சுட்டுவிடவும் முடியக் கூடாது. அதாவது 30 குண்டு ஸ்டேஜ் என்றால் இடம் மாறியே ஆக வேண்டும். கிளாசிஃபையர் எதை அளக்காமல் விடுகிறதோ அதையே மாட்ச் கட்டாயமாகக் கேட்கிறது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவரை மறுநாள் கத்திப்பாராவில் விட்டால் எப்படியோ, அப்படி. எட்டுப் போட்டது பொய்யில்லை. வண்டியைத் திருப்பத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி. அவ்வளவுதான்.

இனி உங்கள் முடிவுத் தாள். ஆறு ஸ்டேஜ், ஐந்து ஃபீல்ட் (இடம் மாறிச் சுடுபவை), ஒன்று கிளாசிஃபையர். மொத்தம் 760 புள்ளி. அதில் கிளாசிஃபையரின் பங்கு 60. உங்களுக்கு ஏ வாங்கிக் கொடுத்த திறமைக்கு அந்த மாட்ச்சில் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவான எடைதான்.

நீங்கள் செய்த ஒப்பீடு ஒன்று தவறு. 77ஐயும் 64ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பதறியிருக்கிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு அளவுகோல். 77 என்பது நாடு முழுமைக்கும் பொதுவான, அசையாத அளவு. 64 என்பது அன்று முதலிடம் வந்த மாஸ்டரோடு ஒப்பிட்டது. அவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தால் உங்கள் சதவீதம் ஏறியிருக்கும். பழைய தேசியச் சாம்பியன் ஒருவர் சும்மா வந்து சுட்டிருந்தால் எல்லோருக்கும் இறங்கியிருக்கும். மாட்ச் சதவீதத்தை வைத்து நான் யாரையும் எடை போடுவதில்லை, யார் வந்தார்கள் என்று தெரியாமல்.

சரியான ஒப்பீடு இது. அதே மாஸ்டரோடு, அதே நாளில், இரண்டு வகை ஸ்டேஜிலும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? கிளாசிஃபையரில் அவர் 88, நீங்கள் 79, பெரியவர் 66. அதாவது மாஸ்டரை நூறாக வைத்தால் நீங்கள் 90, பெரியவர் 75. ஐந்து ஃபீல்ட் ஸ்டேஜிலும் சேர்த்து நீங்கள் ஏறக்குறைய 60, பெரியவர் 72.

பெரியவருக்கு 75ம் 72ம். நின்று சுட்டாலும் ஓடிச் சுட்டாலும் அவர் அவராகவே இருக்கிறார். வேண்டுமென்றே கிளாஸைக் குறைத்து வைத்திருப்பவருடைய தாள் இப்படி இருக்காது; கிளாசிஃபையரில் 60, ஃபீல்டில் 85 என்று பல்லிளிக்கும். செக்‌ஷன் மாட்ச்களில் கிளாஸ் வாரியாகப் பரிசுப் பலகை கொடுப்பதால் அப்படிப்பட்ட சாண்ட்பேகர்கள் இல்லாமல் இல்லை. ஒரு மரப்பலகைக்காக வருடம் முழுக்க மோசமாகச் சுடுவது என்ன சுகமோ! உங்கள் பெரியவர் அந்த ரகம் இல்லை. உங்களுக்கோ 90ம் 60ம். உங்கள் பிரச்சினை கிளாஸில் இல்லை, அந்த முப்பதில் இருக்கிறது.

நாலாவது ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். வீடியோவும் அதற்குத்தான் இருக்கிறது. 30 குண்டு, 150 புள்ளி. நீங்கள் 21 ஆல்ஃபா (இலக்கின் நடுப்பகுதி, 5 புள்ளி), 9 சார்லி (அதற்கு வெளியே உள்ள பகுதி). கேரி ஆப்டிக்ஸில் எல்லோருக்கும் மைனர் ஸ்கோர்தான், அதாவது சார்லிக்கு 3 புள்ளி; ஆகவே 105ம் 27ம் 132. நேரம் 27.4 நொடி. ஹிட் ஃபேக்டர் 4.82. பெரியவர் 22 ஆல்ஃபா, 8 சார்லி, 134 புள்ளி, 23.9 நொடி, 5.61. முதலிடம் 142 புள்ளி, 18.2 நொடி, 7.80.

குறி பார்ப்பதில் உங்களுக்கும் பெரியவருக்கும் ஒரு சார்லிதான் வித்தியாசம். ஆனால் மூன்றரை நொடி போயிருக்கிறது. ஸ்டேஜ் புள்ளியாக மாற்றினால் அவருக்கு 107.8, உங்களுக்கு 92.6. இந்த ஒரு ஸ்டேஜிலேயே 15 புள்ளி போச்சு. கிளாசிஃபையரில் நீங்கள் அவரைவிட அதிகம் எடுத்தது ஒன்பதுகூட இல்லை. டிராவில் ஜெயித்த அரை நொடி மாட்ச்சில் எங்கே காணாமல் போனது என்று இப்போது தெரிகிறதா?

வீடியோவை டைமர் சத்தத்தோடு நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். துப்பாக்கி வெடிக்கும் நேரத்தில் உங்கள்மேல் குறையே சொல்ல முடியாது. இலக்கிலிருந்து இலக்குக்கு அவரைவிட வேகமாகத் தாவுகிறீர்கள். வெடிக்காத நேரம்தான் கேள்வி. ஐந்து இடத்திலும் ஒரே கதை. வந்து சேர்கிறீர்கள், இரண்டு காலும் ஊன்றுகிறது, உடம்பு அடங்குகிறது, அதன் பிறகே துப்பாக்கி முகத்துக்கு ஏறுகிறது, அதன் பிறகே சிவப்புப் புள்ளியைத் தேடுகிறீர்கள். கிளாசிஃபையர் பெட்டிக்குள் நிற்கும் நிலையை ஒவ்வொரு இடத்திலும் மறுபடி கட்டி எழுப்புகிறீர்கள். இடத்துக்கு அரை நொடி என்று வைத்தாலும் இரண்டரை. பெரியவரைப் பாருங்கள்: அவருடைய கடைசி இரண்டு எட்டிலேயே துப்பாக்கி மேலே வந்துவிடுகிறது. முன்கால் படும்போது முதல் குண்டு போகிறது. டிரா மெதுவு என்கிறீர்கள். டிரா ஸ்டேஜுக்கு ஒரு முறைதான். ஓர் இடத்துக்கு வந்து சேர்வது ஐந்து முறை.

மீதி ஒரு நொடி இடதுபக்கப் பீப்பாய்க்குப் பின்னால் இருந்த இலக்கில் போயிருக்கிறது. அதை மறந்து தாண்டிப் போய்விட்டு, தலையைத் திருப்பி, ஓரடி பின்வாங்கிச் சுட்டீர்கள். சுடுவதற்கு முன் ஸ்டேஜை நடந்து பார்க்கும் வாக்-த்ரூவில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆர்.ஓ.வாக (சுடுபவரைக் கண்காணிக்கும் அதிகாரியாக) டைமர் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும்போது நான் அடிக்கடி பார்ப்பது இது: கை வேகமானவர்கள் வாக்-த்ரூவில் கற்பனைத் துப்பாக்கியை நீட்டி ஒரு முறை ஓடிப் பார்த்துவிட்டு அரட்டைக்குப் போய்விடுவார்கள். வேகம் குறைந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஜன்னலில் மூன்று, தடுப்பு ஓரத்தில் இரண்டு, போகும்போதே ரீலோட் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் 23 குண்டு மேகசின் இருக்கிறது. 30 குண்டு ஸ்டேஜில் ஒரு ரீலோட் போதும். அதை எங்கே செய்வது என்பது பீப்புக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதெல்லாம் கிளாசிஃபையரில் வராது. அதில் மறப்பதற்கு இலக்கு இல்லை, எல்லாம் கண்ணெதிரே நிற்கிறது. போதாததற்கு எந்தக் கிளாசிஃபையர் வரலாம் என்று வரைபடம் பார்த்து வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம். இன்னொரு சலுகையும் உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: எட்டில் ஆறுதான் எண்ணப்படும். இரண்டு முறை கண்மூடித்தனமாக வேகமெடுத்து மைக் (இலக்கில் படாத குண்டு) விட்டுச் சொதப்பினாலும் அவை கணக்கிலிருந்து கழன்றுவிடும். அதனால் கிளாசிஃபையர் வந்தாலே சிலர் வந்தால் மலை என்று பாய்கிறார்கள். மாட்ச்சில் எந்த ஸ்டேஜும் கழிவதில்லை. ஒரு மைக் விட்டால் அந்த அடியின் 5 போய், அபராதம் 10ம் சேர்ந்து 15. கிளாஸ் என்பது உங்கள் நல்ல நாட்களின் கணக்கு. மாட்ச் கெட்ட ஸ்டேஜையும் சேர்த்தே எண்ணும்.

நிர்ணய அளவுகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பது ஊரறிந்த விஷயம். சில கிளாசிஃபையரில் 80 வாங்குவது எளிது, சிலவற்றில் 70க்கே நாக்குத் தள்ளும். கேரி ஆப்டிக்ஸ் பிரிவு வந்த புதிதில் அதற்கென்று தனி அளவு இல்லாமல், சிவப்புப் புள்ளி இல்லாத ப்ரொடக்‌ஷன் பிரிவின் அளவையே கடன் வாங்கினார்கள்; சிவப்புப் புள்ளி வைத்துச் சுடுபவர்களுக்கு அது கொண்டாட்டம். பிறகு திருத்தங்கள் வந்தன. இதையெல்லாம் காட்டி, மொத்த ஏற்பாடும் மோசடி என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டி கிளாஸ்காரர் மாஸ்டரை ஃபீல்ட் ஸ்டேஜில் ஜெயிப்பது அபூர்வம். தேசியப் போட்டியில் மேலே நிற்பவர்கள் கிராண்ட்மாஸ்டர்கள்தான். கிராண்ட்மாஸ்டர்கள் எல்லோரும் மேலே நிற்பதில்லை, அதுதான் விஷயம். பக்கத்துப் பக்கத்துக் கிளாஸ்களுக்கு நடுவில்தான் கிளாஸ் வழுக்கும். ஏ-யும் பி-யும் ஒருவரையொருவர் மாறி மாறி அடிப்பது சகஜம்.

மற்ற அமைப்புகள் வேறு வழி பார்த்திருக்கின்றன. என்ஆர்ஏ சங்கத்தின், ஓரிடத்தில் நின்று வட்ட இலக்கைச் சுடும் புல்ஸ்ஐ பிஸ்டலில் கிளாஸ் என்பதே மாட்ச் ஸ்கோரின் சராசரி; எல்லா மாட்ச்சும் ஒரே மாதிரி என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. ஐடிபிஏ என்ற இன்னொரு பிஸ்டல் போட்டி அமைப்பில் தேர்வும் உண்டு, பெரிய மாட்ச்சில் போதிய பேரை முந்தி ஜெயித்தால் மாட்ச்சை வைத்தே மேலே தள்ளிவிடவும் செய்வார்கள். யுஎஸ்பிஎஸ்ஏ மாட்ச் முடிவுகளுக்கு இன்னும் எடை கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அக்டோபருக்குள் அது நடக்கப் போவதில்லை.

உங்கள் இரண்டு யோசனைகளுக்கு வருகிறேன். பி-க்கு இறங்குவது: கிளாஸ் தானாக இறங்காது. மனுப் போடலாம், ஆனால் அந்த வழி கை முறிந்தவர், கண் பார்வை குறைந்தவர் போன்றவர்களுக்காக வைத்தது. முப்பத்தாறு வயதில், சென்ற மாதம் 79 அடித்த தாளோடு போய் நின்றால் சிரிப்பார்கள். நீங்களே சாண்ட்பேகர் என்று சந்தேகப்பட்ட ஆளாக நீங்களே மாறுவீர்கள்.

மாஸ்டர் வாங்கிவிட்டுப் போவது இதைவிட மோசமான யோசனை. உங்கள் கை வேகத்துக்கு, கிளாசிஃபையர் மட்டுமே வைத்து நடத்தும் மாட்ச்களுக்கு ஓரிரு முறை போய், காசு கொடுத்து மறுபடி சுட்டு, 85ஐத் தொட்டுவிட முடியும். தொட்ட பிறகு? ஒரு பிரிவில் மாஸ்டர் என்றால் மற்றப் பிரிவுகளில் ஏ-க்குக் கீழே இருக்க முடியாது; நாளைக்கு ஆசைப்பட்டு லிமிடெட் பிரிவில் சுடப் போனால், ஒரு குண்டு சுடுவதற்கு முன்பே அங்கே ஏ. இப்போதாவது "பேப்பர் ஏ" என்றுதான் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. அக்டோபர் வரை கிளாசிஃபையர் வந்தால் அதை ஆறு ஸ்டேஜில் ஒன்றாக மட்டும் சுடுங்கள். மறுபடி சுடக் கேட்காதீர்கள். கராஜ் பயிற்சியில் டிராவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, தரையில் டேப் ஒட்டி இரண்டு இடம் வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வந்து சேருங்கள். துப்பாக்கி காலுக்கு முன்னால் வந்து சேர வேண்டும், அதுதான் முழுப் பயிற்சியும். குண்டு எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது என்பதை நீங்கள் ஏற்கெனவே கடைப்பிடிப்பீர்கள் என்று நம்புகிறேன். நகரும்போது விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே தெரிய வேண்டும், குழல் 180 டிகிரிக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பக் கூடாது. துப்பாக்கியைச் சீக்கிரம் ஏற்றப் பழகும்போது பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டிலும்தான், விட்டால் அன்றைய மாட்ச்சே முடிந்தது. வாக்-த்ரூவில், கண்ணை மூடிக்கொண்டு முழு ஸ்டேஜையும் இலக்கு எண்ணிக்கையோடு ஒப்பிக்க முடிகிறவரை யாரோடும் பேசாதீர்கள். முடிந்தால் அந்தப் பெரியவர் இருக்கும் ஸ்குவாடிலேயே சேர்ந்து, "சார், இந்த ஸ்டேஜை எப்படிப் போகப் போறீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். இந்த விளையாட்டில் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு மாட்ச் முடிந்ததும் நான் மேலே போட்ட அதே கணக்கைப் போடுங்கள். அன்றைய மாஸ்டரோடு கிளாசிஃபையரில் எத்தனை, ஃபீல்டில் எத்தனை. 90ம் 60மாக இருப்பது 90ம் 72மாக வந்தால் பெரியவருக்கு நிகராகிவிட்டீர்கள். செக்‌ஷன் மாட்ச்சில் ஏ கிளாஸில் உங்களுக்கு எந்த இடம் வருகிறது என்பதைவிட அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முடிந்தால் அந்தத் தாளையும் அனுப்புங்கள். வீடியோவை இந்த முறை ஆர்.ஓ.வுக்குப் பின்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எடுத்ததில் காலும் துப்பாக்கியும் நன்றாகத் தெரிந்தன, ரீலோட் மட்டும் தடுப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதில் இன்னொரு அரை நொடி ஒளிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.